எத்தனை வெளிநாட்டு வீரர்கள்? பிலிப்பைன்ஸ், கொரியா, ஜப்பான், ஜெர்மனி

கூடைப்பந்து லீக்கில் வெளிநாட்டு வீரர் என்றதும் பேச்சு எண்ணிக்கைக்குப் போய்விடும்: ஒருவரா, இருவரா, மூவரா? அவர் எந்த இடத்தில் ஆடுகிறார், கடைசி ஐந்து நிமிடம் பந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால்தான், வெளிநாட்டவருக்கு வரம்பு வைக்கும் விதி உள்ளூர் வீரரை வளர்க்கிறதா என்ற உண்மையான விளைவு தெரியும்.

பிலிப்பைன்ஸின் தொழில்முறை லீக்கான பிபிஏ, 1975 முதல் நடக்கிறது. சீசனைத் தனித்தனித் தொடர்களாகப் பிரித்திருக்கிறார்கள். பிலிப்பைன் கோப்பையில் வெளிநாட்டவருக்கே இடமில்லை. கமிஷனர்ஸ், கவர்னர்ஸ் கோப்பைகளில் வழக்கமாக அணிக்கு ஒருவர், பெரும்பாலும் அவருக்கும் உயர வரம்பு உண்டு. வெளிநாட்டவர் இல்லாத தொடரில் கூடைக்கு அடியில் நிற்பது உள்ளூர்க்காரர்தான். லீக் வரலாற்றில் அதிக எம்விபி (சீசனின் சிறந்த வீரர்) விருதுகளை வென்ற ஜூன் மார் ஃபஹார்டோ ஒரு சென்டர், அதாவது கூடைக்கு அடியில் ஆடும் உயரமான ஆள், என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற இரண்டு தொடர்களில் கதை வேறு. தொடர் சிறியது, தோற்றால் நடுவிலேயே ஆளை மாற்றிவிடுவார்கள். அதனால் வந்தவர் முதல் ஆட்டத்திலிருந்தே பந்தைத் தன் கையில் வைத்துக்கொள்கிறார். 2016 கவர்னர்ஸ் கோப்பையை ஜினெப்ரா அணிக்கு வென்று தந்த கடைசி நொடி மூன்று புள்ளி ஷாட் அமெரிக்கரான ஜஸ்டின் பிரௌன்லீயுடையது. 2023ல் பிலிப்பைன்ஸ் குடியுரிமை பெற்ற அவரேதான் அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டு அரையிறுதியில் சீனாவையும் கடைசி நேரத்தில் சாய்த்தார். பதக்கம் வந்தது சரி, ஆனால் அந்த ஷாட்டை எடுக்க உள்ளூரில் ஒருவர் தயாராகவில்லை.

கொரியாவின் லீக்கான கேபிஎல் 2018-19ல் இன்ச் டேப்பை எடுத்தது. உயரமான வெளிநாட்டு வீரர் 200 செ.மீ. தாண்டக் கூடாது, குட்டையானவர் 186 செ.மீ. தாண்டக் கூடாது. ஏற்கெனவே அங்கே ஆடிய டேவிட் சைமன் 202.1 செ.மீ. என்று அளவில் வந்ததால் வெளியேற வேண்டியிருந்தது. சார்லஸ் ரோட்ஸ் 199.2 என்று தப்பித்தார். இரண்டு செ.மீ. குறைத்தால் உள்ளூர் சென்டர் வளர்ந்துவிடுவாரா? 186க்குள் வந்தவரோ கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்), அதாவது கொரியர்கள் பலமாக இருந்த இடத்திலேயே போட்டிக்கு வந்தவர். ஒரே சீசனில் விதியைக் கைவிட்டு, 2019-20 முதல் களத்தில் ஒரு நேரத்தில் ஒருவர் என்று மாற்றினார்கள். நான்கு லீக்குகளில் மோசமான விதி அந்த உயர விதிதான்.

ஜப்பானின் பி.லீக், தாளில் பார்த்தால் தாராளம். 2020-21ல் வந்த விதிப்படி மூன்று வெளிநாட்டவரைப் பதிவு செய்யலாம், இருவர் களத்தில் நிற்கலாம், கூடவே ஓர் ஆசிய ஒதுக்கீட்டு வீரரோ (குறிப்பிட்ட ஆசிய நாடுகளிலிருந்து வருபவர்) குடியுரிமை பெற்றவரோ ஆடலாம். மிச்சம் இரண்டு இடம்தான் ஜப்பானியருக்கு. கிளப்புகள் வெளிநாட்டவரைப் பெரும்பாலும் உயரத்துக்காகவே எடுப்பதால் பந்து ஜப்பானிய கார்டுகளிடம் வந்தது. வாரா வாரம் நல்ல ஸ்கிரீன் போடும் (தடுப்பாளரை உடம்பால் மறிக்கும்) பெரிய ஆளோடு பிக் அண்ட் ரோல், அதாவது மறித்த ஆள் கூடையை நோக்கி ஓட அவரோடு சேர்ந்து தாக்கும் ஆட்டம், ஆடிப் பழகினார்கள். 2023 உலகக் கோப்பையில் பின்லாந்தை 98-88 என வென்றபோது 172 செ.மீ. உயர கார்டு யூகி கவாமுரா 25 புள்ளி, 9 அசிஸ்ட் (கூடை விழ வைத்த பாஸ்). அதே ஆட்டத்தில் 28 புள்ளி, 19 ரீபவுண்டு (தவறிய ஷாட்டிலிருந்து பிடித்த பந்து) எடுத்தவர் குடியுரிமை பெற்ற பெரிய ஆள் ஜாஷ் ஹாக்கின்சன். இந்த விதி வளர்த்ததும் வளர்க்காததும் அந்த இரண்டு வரியில் தெரிகிறது. 16 வயதுக்குப் பின் குடியுரிமை பெற்றவர் ஒருவருக்கு மேல் தேசிய அணியில் ஆட உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபிபா விடாது. ஹாக்கின்சனுக்குக் காயம் பட்டால் கூடைக்கு அடியில் ஆளில்லை.

ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீக்கான பிபிஎல் 2012-13 முதல் 6+6 விதி வைத்திருக்கிறது: ஆட்டத்துக்கான 12 பேரில் ஆறு பேராவது ஜெர்மானியர். ஆனால் ஆறு பேரையும் பெஞ்சிலேயே உட்காரவைக்க கோச்சுக்குத் தடையில்லை. விதியைக் காப்பாற்றுவது அதற்குக் கீழே கட்டிய அடுக்குதான். 19 வயதுக்குட்பட்டோருக்கான லீக் என்பிபிஎல் 2006லும், 16 வயதுக்குட்பட்டோருக்கான லீக் யேபிபிஎல் 2009லும் தொடங்கின. அதற்கு மேல் இரட்டை உரிமம்: முதல் டிவிஷனில் நிமிடம் கிடைக்காத பையன் அதே சீசனில் கீழ் டிவிஷனில் இருக்கும் கூட்டாளி கிளப்பிலும் ஆடலாம். ஃபிரான்ஸ் வாக்னர் முதல் டிவிஷன் கிளப்பான ஆல்பா பெர்லினோடு சேர்த்து பெர்னாவ் என்ற சிற்றூர் அணியிலும் ஆடித்தான் மேலே வந்தார். 2023 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் அவரும் இருந்தார். இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. நல்ல ஜெர்மானியர் குறைவு, எல்லோருக்கும் ஆறு பேர் வேண்டும். சம்பளம் ஏற, சிறிய கிளப் தான் வளர்த்த பையனையே கட்டுப்படியாகாமல் பெரிய கிளப்புக்கு விட்டுவிடுகிறது.