அமுக்கராவா, தொங்காட் அலியா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியுமுன் பால்மரம் சீவப் போகும் என் அக்காவுக்கு உடம்பெல்லாம் அசதி. படுத்தாலும் உறக்கம் பிடிப்பதில்லை. நாட்டு மருந்துக்கடையில் அமுக்கராக் (அசுவகந்தா) கிழங்குப் பொடி, பக்கத்துக் கடையில் தொங்காட் அலி என்ற மூலிகை வேர் கலந்த காப்பி.

என் மனம் அமுக்கராவின் பக்கமே. இரவில் வெதுவெதுப்பான பாலில் கால் தேக்கரண்டி கலக்கும்போது மண்வாசனை எழும். சில வாரங்களில் மன அழுத்தம் குறைந்து உறக்கம் ஓரளவு சீராவதைச் சிறிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் கர்ப்பிணிகளும் தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களும் தொடக் கூடாது.

தொங்காட் அலி வேர் கடுங்கசப்பு. காப்பியோடு சேர்ந்தால் இருக்கிற உறக்கமும் போய்விடும். சில பொட்டலங்களில் ஆண்மைக்குறைவு மருந்தைக் கலந்து விற்றுப் பிடிபட்டதுண்டு. இதய நோயாளிக்கு அது ஆபத்து.

இரண்டுக்கும் முன்னால் அக்காவை அரசு கிளினிக்குக்கு அழைத்துப் போகிறேன். இரத்தசோகையும் சர்க்கரை நோயும்கூட இதே அசதியைத் தரும். கட்டணம் 1 வெள்ளிதான் (ரிங்கிட்).