கசங்கிய கார்டா, பேனா பட்ட கார்டா?

மும்பை மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் போன மாதம் இரண்டு கிரிக்கெட் கார்டுகளைப் பார்த்தேன். தொண்ணூறுகளில் பபிள்கம்மோடு வந்தவை. ஒரே ஆட்டக்காரர், ஒரே விலை. ஒன்றில் நான்கு மூலையும் மழுங்கி, நடுவே மடித்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. ஓரத்தில் ரப்பர் பேண்ட் இறுக்கிய பள்ளம். ஆனால் ஒரு புள்ளி மை கிடையாது. இன்னொன்று மூலை கலையாமல் பளபளவென்று இருந்தது. திருப்பினால், நீல பால்பாயிண்ட்டில் தமிழில் ‘சேகர், 5-ஆ’.

சீக்கிரம் விற்கிற எண்ணம் இருந்தால் முதலாவதுதான். அமெரிக்காவின் பிஎஸ்ஏ நிறுவனம் கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை தரம் போடுகிறது, 10 தான் உச்சம். தேய்மானம் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். 3 என்றால் வாங்குபவருக்கு எதிர்பார்ப்பு தெளிவு. மை பட்டால் எண்ணோடு, எழுத்தோ கீறலோ உண்டு என்று சொல்லும் ‘எம்கே’ (மார்க்ஸ்) என்ற குறியும் ஒட்டிக்கொள்ளும். குறி வேண்டாம் என்றால் எண்ணையே இறக்கிவிடுவார்கள். மூலை எவ்வளவு கூராக இருந்தாலும், எழுத்தென்றாலே விலகிப்போகிறவர்கள் நிறைய. முன்பக்கம், அதுவும் முகத்தின் மேல் எழுதியிருந்தால் நானும் தொடமாட்டேன். ஆட்டக்காரரே போட்ட கையெழுத்து என்று உறுதியானால் அது வேறு கதை, விலை ஏறவே வாய்ப்பு அதிகம்.

அமெரிக்க கார்டு நிறுவனமான டாப்ஸின் பழைய செக்லிஸ்ட் கார்டுகளை, அதாவது தொகுப்பிலுள்ள கார்டுகளின் பட்டியல் அச்சிட்டவற்றை, நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கையில் இருக்கும் கார்டுக்கு நேரே கட்டத்தில் டிக் போடவே அச்சடித்தவை அவை. பிள்ளைகள் சொன்னபடி டிக் போட்டார்கள். இன்று டிக் இல்லாததற்குத்தான் மதிப்பு.

கிடைப்பதே அரிதென்றால் இந்தக் கணக்கெல்லாம் தளர்ந்துவிடும். 1909-11 காலத்து ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டு ஒன்று, பாதி கிழிந்து காணாமல் போனபின்பும், 2021-இல் 4,75,000 டாலருக்கு மேல் போனது.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: மழுங்கிய ஓரத்தை வெட்டி நேராக்கியது, எழுத்தைச் சுரண்டி எடுத்தது. இதைவிடக் கசங்கியதும் எழுதியதும் எவ்வளவோ மேல். வெட்டியது தெரிந்தால் பிஎஸ்ஏ எண்ணே தராது. சுரண்டிய இடத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பளபளப்பு செத்திருக்கும், பேனா அழுத்திய பள்ளம் அப்படியே நிற்கும்.

நான் சேகரின் கார்டைத்தான் வாங்கினேன். ஆல்பத்தில் தெரியப்போவது முன்பக்கம். அப்புறம், இந்த ஊரில் ஒரு தமிழ்ப் பையனின் புத்தகப்பையில் கிடந்த கார்டு என்பதற்கு அந்த ஒரு வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை. மழைக்கால ஈரத்தில் அட்டை வளையாமலிருக்க, உறையில் போட்டு, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன்.