டென்வருக்கு எழுபது, நியூயார்க்குக்கும் எழுபது

அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி புள்ளி எடுக்கத் திணறினால் பழி முதலில், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் தலையில் விழும். அடுத்து, ஆட்டத் திட்டத்தை வகுத்துக் கொடுக்கும் பயிற்சியாளரின் தலையில். இருவரில் யாரை மாற்றினால் நோய் தீரும்? சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் இரண்டு அணிகள் ஆளுக்கொரு மருந்தை எடுத்துக்கொண்டன. டென்வர் பிராங்கோஸ் பயிற்சியாளரை மாற்றியது. நியூயார்க் ஜெட்ஸ் குவார்ட்டர்பேக்கை மாற்றியது. இரண்டு கதைகளிலும் நத்தானியேல் ஹாக்கெட் என்ற ஒரே மனிதர் இருக்கிறார் என்பதால் அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது.

டென்வர் 2022இல் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சனை சியாட்டில் அணியிடமிருந்து வாங்கியது. கொடுத்த விலையில் முக்கியமானவை, புதிய வீரர்களை எடுக்கும் ஆண்டுத் தேர்வில் இரண்டு முதல் சுற்று உரிமைகள், இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள், அவற்றோடு மூன்று வீரர்கள். ஓர் ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே 24.5 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தமும் போட்டது. தலைமைப் பயிற்சியாளராக வந்த ஹாக்கெட்டுக்கு அந்தப் பொறுப்பு அதுவே முதல் முறை.

முதல் ஆட்டமே சியாட்டிலில். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு ஒரே யார்டு தொலைவில் நின்றுகொண்டு இரண்டு முறை பந்தைத் தவறவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் நான்காவது, அதாவது இறுதி முயற்சி; தேவைப்பட்டது ஐந்து யார்டு. கடிகாரத்தை நிறுத்தும் டைம்அவுட்கள் மூன்று கையில் இருந்தும் ஹாக்கெட் கடிகாரத்தை ஓடவிட்டார். பிறகு 24 கோடிக்கு மேல் கொடுத்து வைத்திருந்த குவார்ட்டர்பேக்கை வெளியே நிறுத்திவிட்டு, 64 யார்டு தூரத்திலிருந்து, கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு ஆளை அனுப்பினார். பந்து விலகிப் போனது. 16-17 எனத் தோல்வி. அடுத்த வாரம் சொந்த மைதானத்திலேயே, ஒவ்வொரு முயற்சியையும் தொடங்க மிச்சமிருக்கும் நொடிகளை ரசிகர்கள் கூட்டமாக உரக்க எண்ணினார்கள். தங்கள் அணிக்கு நேரத்துக்குள் முயற்சியைத் தொடங்கத் தெரியவில்லை என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். அந்தப் பருவத்தில் டென்வர் எடுத்தது 287 புள்ளிகள்; லீகிலேயே கடைசி இடம். கிறிஸ்துமஸ் அன்று ராம்ஸ் அணியிடம் 14-51 எனத் தோற்றதற்கு மறுநாள் ஹாக்கெட் நீக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு தலைமைப் பயிற்சியாளராக ஷான் பேட்டன் வந்தார். பெரும்பாலும் அதே வில்சன்தான் ஆடினார். டென்வர் எடுத்த புள்ளிகள் 357.

இனி ஜெட்ஸ். ஹாக்கெட் 2023இல் அங்கே தாக்குதல் பயிற்சியாளராகச் சேர்ந்தார். கிரீன் பே அணியில் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் 2020, 2021 என இரண்டு எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) விருதுகளை வென்றபோது அவரும் உடனிருந்தார் என்பது அவருடைய பெரிய தகுதி. ஆனால் அங்கே ஆட்டங்களை அழைத்தவர், அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் என்ன செய்வது என்று சொன்னவர், தலைமைப் பயிற்சியாளர் மேட் லாஃப்ளர். இந்த விவரத்துக்கு யாரும் உரிய எடை கொடுக்கவில்லை என்பது என் எண்ணம். ராட்ஜர்ஸும் ஜெட்ஸுக்கு வந்தார். முதல் ஆட்டத்தில் தாக்குதலின் நான்காவது முயற்சியிலேயே அவருடைய குதிகால் தசைநாண் அறுந்தது. மீதிப் பருவம் பெரும்பாலும் மாற்று குவார்ட்டர்பேக் ஸாக் வில்சன் கையில். 12 ஆட்டங்களில் அவருடைய பாஸ்களில் (எறிதல்களில்) வந்த டச்டவுன்கள், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்த்தவை, எட்டுதான். அணி எடுத்தது 268 புள்ளிகள்.

2024இல் ராட்ஜர்ஸ் 17 ஆட்டங்களும் ஆடினார். ஜெட்ஸ் எடுத்த புள்ளிகள் 338.

கழித்துப் பாருங்கள். டென்வருக்கு எழுபது புள்ளி கூடியிருக்கிறது. நியூயார்க்குக்கும் எழுபதேதான். ஒன்று பயிற்சியாளரை மாற்றியதால், மற்றொன்று குவார்ட்டர்பேக்கை மாற்றியதால். ஆட்டத்துக்கு நான்கு புள்ளி என்பது சிறிதல்ல. ஆனால் போதவும் இல்லை. வெற்றி-தோல்விக் கணக்கு டென்வருக்கு 8-9, ஜெட்ஸுக்கு 5-12. எந்த மருந்து மேல் என்ற கேள்விக்கு எண்கள் விடை சொல்ல மறுக்கின்றன. சோதனையும் முழுக்கச் சுத்தமானதல்ல: 2024இல் ஐந்து ஆட்டங்களுக்குப் பிறகு ஜெட்ஸின் தலைமைப் பயிற்சியாளர் ராபர்ட் சாலே நீக்கப்பட்டார், ஹாக்கெட்டிடமிருந்து ஆட்டத்தை அழைக்கும் பொறுப்பும் பறிக்கப்பட்டது.

என் கண் போவது வேறோர் இடத்துக்கு. இரண்டு அணிகளுமே அந்த மாற்றங்களோடு முன்வரிசைக்கும் பணத்தைக் கொட்டின. குவார்ட்டர்பேக்கின் முன்னால் சுவராக நிற்கும் ஐந்து பேர்தான் முன்வரிசை. டென்வர் மைக் மெக்லின்சியையும் பென் பவர்ஸையும் கொண்டுவந்தது; ஜெட்ஸ் டைரன் ஸ்மித், மார்கன் மோசஸ், ஜான் சிம்ப்சன் ஆகியோரை. ரஸ்ஸல் வில்சன் 2022இல் 15 ஆட்டங்களில் 55 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். ஸாக் வில்சன் 12 ஆட்டங்களில் 46 முறை. ஒவ்வொரு வீழ்ச்சியும் ஏழெட்டு யார்டைப் பறிக்கிறது. பத்து யார்டு எடுக்க வேண்டிய இடத்தில் பதினேழு யார்டு வேண்டியிருந்தால் எந்தப் பயிற்சியாளரின் திட்டப் புத்தகத்திலும் நல்ல பக்கம் கிடைக்காது. பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்கும் பழக்கம் ரஸ்ஸல் வில்சனுக்கு உண்டு, ஆகவே எல்லாப் பழியும் சுவருக்கு உரியதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2024இல் டென்வர் ரஸ்ஸல் வில்சனை விடுவித்தது. வீரர்களின் ஊதியத்துக்கு லீக் வகுத்த வரம்புக் கணக்கில் அவருக்காக 8.5 கோடி டாலரைச் சுமந்தபடியே, ஆண்டுத் தேர்வில் 12ஆவதாக வந்த போ நிக்ஸ் என்ற புதிய குவார்ட்டர்பேக்கை ஆடவிட்டது. பயிற்சியாளர் இரண்டாம் ஆண்டில் இருந்தார், முன்வரிசை பழகியிருந்தது, நிக்ஸ் பந்தை விரைவாக எறிந்துவிடுபவர். அந்தப் பருவம் முழுவதும் அவர் வீழ்த்தப்பட்டது 24 முறைதான். அணி எடுத்த புள்ளிகள் 425.

குவார்ட்டர்பேக்கை வாங்கிவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற வழியை டென்வர் 2022இலும் ஜெட்ஸ் 2023இலும் முயன்றன. இரண்டும் லீகின் அடிமட்டத்தில் கிடந்தன. திட்டமும் சுவரும் முதலில், குவார்ட்டர்பேக் கடைசியில் என்ற வரிசைதான் டென்வரை 2015 பருவத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பிளேஆஃப் எனும் வெளியேற்றச் சுற்றுகளுக்குக் கொண்டுபோனது. நான் ஒரு குழுவை நடத்தினால் இந்த வரிசையைத்தான் பின்பற்றுவேன்.

இரண்டு அணிகளும் 2024 செப்டம்பர் 29 அன்று நியூ ஜெர்சியில் மழையில் மோதின. நிக்ஸ் பாஸ் மூலம் எடுத்தது 60 யார்டுகள் மட்டுமே, ஒரே ஒரு டச்டவுன். மறுபக்கம் நான்கு முறை எம்விபி ஆன ராட்ஜர்ஸ் ஆட்டம் முழுவதும் துரத்தப்பட்டார். ஜெட்ஸ் ஒரு டச்டவுனும் போடவில்லை. மூன்று ஃபீல்ட் கோல்களோடு நின்றது. 10-9 என டென்வர் வென்றது. ஒன்பது நாள் கழித்து சாலேவின் வேலை போனது.