வாரச் சம்பளத்துக்கு ஒரு மென்பொருள்: ஆறு வருடப் பாடு

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரரின் முகத்தைப் பார்த்தாலே, பார்ட்டி (வேலை கொடுத்தவர்) பணம் அனுப்பினாரா இல்லையா என்று சொல்லிவிடலாம். எங்களுடையது கம்பெனி என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குக்கூட இல்லை. ஏற்றுமதிக்காரர்களுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள். டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து 34 பேர். தையலை என் கணவர் பார்க்கிறார். சம்பளக் கணக்கு என் தலையில்.

2020 ஜனவரியிலிருந்து ஒரு சம்பள மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். ஆளுக்கு மாதம் 40 ரூபாய் வாடகை. பெயரைக் கேட்காதீர்கள். அக்கம்பக்கத்தில் வேறு மூன்று மென்பொருள்களை வைத்திருப்பவர்களும் இதே புலம்பலைத்தான் புலம்புகிறார்கள்.

அதற்கு முன்பு சம்பளம் என்றால் ரொக்கம் போட்ட கவர்தான். பணமதிப்பு நீக்கம் வந்த 2016 நவம்பரில், நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். எங்கள் ஒரு வாரச் சம்பளம் அதைப்போல இரண்டு மடங்கு. பாதிப் பேருக்குச் சம்பளம், மீதிப் பேருக்குச் சமாதானம் என்று ஓட்டினோம். அந்த மாதத்திலேயே எல்லாருக்கும் வங்கிக் கணக்கு தொடங்க வைத்தேன். ஆனாலும் கவர் போகவில்லை. அப்போது இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் நெஃப்ட் (வங்கி வழிப் பணமாற்றம்) கிடையாது. மற்ற சனிக்கிழமைகளிலும் இரவு ஏழு மணியோடு முடிந்துவிடும். எங்களுக்குப் பார்ட்டி பணம் வருவதே ஆறரைக்கு! 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் ஓடத் தொடங்கியது. அடுத்த மாதமே மென்பொருள் வாங்கியதற்கு உண்மையான காரணம் அதுதான். விற்க வந்த தம்பியின் பேச்சு அல்ல.

முதல் அடி வார இறுதியில் விழவில்லை, மாத இறுதியில் விழுந்தது. எங்களுக்குச் சம்பளம் வாரக் கணக்கு, பி.எஃப்.பும் (வருங்கால வைப்பு நிதி) இ.எஸ்.ஐ.யும் (தொழிலாளர் காப்பீடு) மாதக் கணக்கு. 2020 ஜூன் 29 திங்கள், ஜூலை 4 சனி. ஒரே வாரத்தில் இரண்டு நாள் ஜூனுக்கு, நான்கு நாள் ஜூலைக்கு. ஷிப்ட் கூலிக்காரர்களுக்கு மென்பொருள் அதைச் சரியாகப் பிரித்துவிட்டது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட் டெய்லர்களுக்கோ, வாரம் முழுக்கத் தைத்த பண்டல்களைச் சனிக்கிழமை மொத்தமாக எண்ணிப் பதிவதால், அவ்வளவு காசும் ஜூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. ஜூனில் அவர்கள் இரண்டு நாள் சும்மா இருந்த மாதிரி கணக்கு. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், பீஸ் ரேட் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்துப் பெண் என்னிடம் கேட்டார். இப்போது மாதத்தின் கடைசி நாள் எந்தக் கிழமையாக இருந்தாலும் அன்றிரவே பண்டலை எண்ணிவிடுகிறேன். தீர்வு என்னுடையது, வாடகை அவர்களுக்கு.

இ.எஸ்.ஐ.யிலும் ஒரு தவறு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. ஆனால் ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்ற அரையாண்டின் நடுவில் ஒருவர் அதைத் தாண்டினாலும், அந்த அரையாண்டு முடியும்வரை பிடித்தே ஆக வேண்டும். ஆர்டர் நெருக்கிய ஓர் ஆகஸ்டில் எங்கள் ஃபிளாட்லாக் டெய்லர் ஒருவர் 21,000-ஐத் தாண்டினார். மென்பொருள் பிடித்தத்தை அப்படியே நிறுத்திவிட்டது. ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார். அடுத்த வருடம் திருத்தி அனுப்பினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்குப் பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113, ஆக 1,913 ரூபாய் பிடித்தம். என் பங்கு பி.எஃப். வகையில் எல்லாம் சேர்த்து 1,950, இ.எஸ்.ஐ.யில் 488. "அக்கா, எனக்கு இதெல்லாம் வேண்டாம், கையில் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்காத ஆளே இல்லை. அதை எந்த மென்பொருளும் பேசித் தீர்க்காது. ஆனால் 15-ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டிய இரண்டு கோப்புகளும் பத்து நிமிடத்தில் தயார். முன்பு இரண்டு நாள் உட்காருவேன். வாடகைக்கு இது ஒன்றே போதும். 2021 செப்டம்பர் முதல் ஆதார் இணைக்காத யுஏஎன்-க்குப் (ஒவ்வொருவரின் பி.எஃப். எண்) பி.எஃப். கட்ட முடியாது என்றானபோது, யார் யாருக்குப் பெயர் ஒத்துப்போகவில்லை என்ற பட்டியலை இதுதான் எடுத்துக் கொடுத்தது. ஓர் அட்டையில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால். ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எல்லாம் நம் ஊர்க்காரர்கள்தான்!

நான் எதிர்பார்க்காத நன்மை, போனுக்கு வரும் சம்பளச் சீட்டு. தமிழிலும் இந்தியிலும் போகிறது. "புதன்கிழமை ஒன்றரை ஷிப்ட் பார்த்தேன், ஒன்றுதான் வந்திருக்கிறது" என்று செக்கிங் அக்கா ஒருவர் போனை நீட்டினார். பார்த்தால் நான்தான் தவறாகப் பதிந்திருந்தேன். முதல் வருடம் இப்படி வந்தவற்றில் பெரும்பாலானவை என் தவறு. கணக்கை நோட்டில் எழுதிய காலத்தில் எத்தனை அரை ஷிப்டை விழுங்கியிருப்பேனோ என்று அப்போது கூச்சமாக இருந்தது.

வருகை பதியும் கைரேகைக் கருவியைக் கொரோனாவோடு மூட்டை கட்டிவிட்டேன். தேய்ந்த விரலை அது ஒருநாளும் ஒழுங்காகப் படித்ததில்லை.

அட்வான்ஸ் இன்னும் நோட்டில்தான். மென்பொருளுக்கு அது கடன், சம தவணை. இங்கே ஜூனில் பள்ளிக்கூடத்துக்கு 5,000 வாங்குவார்கள், வாரம் 300 பிடிப்போம், ஊரில் நோம்பி வந்தால் "இந்த வாரம் விட்டுவிடுங்கள் அக்கா" என்பார்கள், விட்டுவிடுவோம். போனஸும் அப்படித்தான். மென்பொருள் ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எண்ணுகிறது. எங்கள் ஆட்கள் தீபாவளியிலிருந்து தீபாவளி வரை எண்ணுகிறார்கள். அக்டோபரில் இரண்டையும் தனித்தாளில் போட்டுப் பார்த்து, எது அதிகமோ அதைக் கொடுக்கிறோம்.

இந்த ஜனவரியிலும் வாடகையைக் கட்டிவிட்டேன். வாங்க நினைப்பவர்கள் விற்பனையாளர் காட்டும் மாதிரிக் கணக்கைப் பார்க்க வேண்டாம். இரண்டு மாதத்தில் விழும் ஒரு வாரத்தையும் ஒரு பீஸ் ரேட் டெய்லரையும் கொடுத்து, உங்கள் கண் முன்னாலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.