பழைய பென் டிஸ்ப்ளேவ மாத்தணுமா? ஒரு வாரம் இரவல் வாங்கி வரைஞ்சு பாத்தேன்

பாளையங்கோட்டைல வீட்டுல இருந்தே கல்யாணப் பத்திரிக, கோயில் கொடை போஸ்டர்னு வரைஞ்சு குடுக்குதேன். என்கிட்ட இருக்கது அஞ்சு வருசப் பழைய 13 இஞ்ச் பென் டிஸ்ப்ளே, அதாவது ஸ்க்ரீன் மேலயே பேனா வச்சு வரையுதது, கண்ணாடிக்கும் ஸ்க்ரீனுக்கும் நடுவுல இடைவெளி, அதனால நிப்பு ஒரு எடத்துல நிக்கும் கோடு கொஞ்சம் தள்ளி விழும். சேக்காளி ஒருத்தன் எக்ஸ்பி-பென் ஆர்டிஸ்ட் ப்ரோ 16 ஜென் 2 வாங்கிருந்தான், ஒரு வாரத்துக்கு தூக்கிட்டு வந்துட்டேன்.

மொத வேலையா நெல்லையப்பர் தேர்ல இருக்க யாளிய வரைஞ்சேன். பழசுல அந்தப் பல்லு வரிசைய ஜூம் பண்ணி ஜூம் பண்ணி கண்ணு பூத்துப் போவும், இதுல 2560க்கு 1600 பிக்சல், ஃபுல் லேமினேஷன் வேற (கண்ணாடியும் ஸ்க்ரீனும் இடைவெளி இல்லாம ஒட்டிருக்கும்), நிப்பு தொட்ட எடத்துலயே கோடு, பேனாவ தொட்டும் தொடாம வச்சாலே மயிரிழை மாதிரி எறங்குது, அடடா! கை அழுத்தத்த 16,384 படியா பிரிச்சுப் பாக்கும், அதான் பிரஷர் லெவல்னு பெருசா சொல்லுதாவ, உள்ளதச் சொன்னா பழைய 8,192க்கும் இதுக்கும் என் கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியல.

எடம்தான் அடைக்கி, என் மேசைல லேப்டாப்ப எங்க வைக்கன்னே தெரியல.

திருப்பிக் குடுத்துட்டு பழசுல நிப்ப மாத்தி, நான் உக்காருத மாதிரியே உக்காந்து கேலிபரேஷன் பண்ணேன், அதாவது நிப்பு தொடுத எடத்துலயே கோடு விழுத மாதிரி சரிபண்ணுதது, பாதி கோளாறு போயிட்டு. ஓரத்துல மட்டும் இன்னும் தள்ளுது. போஸ்டருக்கு இது போதும்வே. நுணுக்க வேல தெனமும் வருதுன்னா புதுசு வாங்கலாம், நான் ஆடிக் கொடை துட்டு வந்தப்புறம் பாக்கேன்.