அமில லைனுக்கு ரப்பர் லைனிங்: குழாய் சரி, ஃபிளாஞ்ச்தான் தீராத தொல்லை

வேறொரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "உங்கள் அமில லைன் ரப்பர் லைனிங்தானே, நம்பிப் போடலாமா?" அன்றுதான் ஒரு ஃபிளாஞ்ச் (இரண்டு குழாய் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) கசிவைச் சரிசெய்து முடித்திருந்தோம். கோபத்தில் எதையாவது சொல்லிவிடக் கூடாதென்று பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது கொதிகலனுக்குத் தாது நீக்கிய தண்ணீர் தயாரிக்கும் பிரிவு. தண்ணீரின் தாது உப்புகளைப் பிடித்துவைக்கும் ரெசினைப் புதுப்பிக்க 30 சதவீதச் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ளே ரப்பர் ஷீட் ஒட்டிய இந்த இரும்புக் குழாய்களில்தான் வருகிறது. இந்த அமிலத்தின் முன் சாதாரண இரும்பு மட்டுமல்ல, 316 ரகத் துருப்பிடிக்காத எஃகும் நிற்காது.

ரப்பருக்கு உரிய நியாயத்தை முதலில் செய்துவிடுகிறேன். வால்வு மாற்றிய நாளில் லைனைக் கழுவி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இத்தனை ஆண்டு அமிலம் ஓடியும் ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓரக்கோடுகூட அப்படியே இருந்தது. மேல்தோல் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது. அது கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இயற்கை ரப்பரின் மேற்பரப்பு இந்த அமிலத்தோடு வினைபுரிந்து கெட்டியான படலமாகிறது. அமிலம் மேலும் உள்ளே இறங்காமல் அந்தப் படலமே தடுக்கிறது. தன்னைத் தாக்க வந்ததைக் கொண்டே தனக்குக் காவல் அமைத்துக்கொள்ளும் பொருளை வேறெங்கே பார்க்க முடியும்?

தொல்லையெல்லாம் ஃபிளாஞ்சில். சாண்ட் பிளாஸ்டிங், பசை, ஷீட் ஒட்டுவது, ஆட்டோகிளேவ் என்ற அழுத்தக் கலனில் நீராவி கொடுத்து ரப்பரை உறுதியாக்குவது (வல்கனைஸ்), ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்பார்க் டெஸ்ட் என எல்லாமே பட்டறையில் முடிந்துவிடும். அதன்பின் குழாயை வெட்டவும் முடியாது, வெல்டு வைக்கவும் முடியாது. ஆகவே ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு டீயும் (T வடிவக் கிளை இணைப்பும்) தனித் துண்டு. துண்டின் முனைதோறும் ஃபிளாஞ்ச். அதன் முகத்திலும் ரப்பர் மடித்து ஒட்டியிருக்கும். நீராவி லைனில் போல்ட் இறுக்கிப் பழகிய ஃபிட்டர், இங்கேயும் ஸ்பேனரில் ஒரு பைப்பைச் செருகி முழுப் பலத்தோடு இறுக்குகிறார். எபோனைட் எனும் கெட்டியான ரப்பர் என்றால் முகத்தில் மயிரிழை விரிசல் விழுகிறது. மென்மையான ரப்பர் என்றால் பிதுங்கி, ஓரத்தில் கிழிகிறது.

அந்த விரிசலில் இறங்கும் அமிலம் உடனே வெளியே தலைகாட்டாது. ரப்பருக்கும் இரும்புக்கும் நடுவே புகுந்து இரும்பைத் தின்கிறது. அப்போது கிளம்பும் ஹைட்ரஜன் லைனிங்கைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஃபிளாஞ்சின் அடியில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை தெரியும்போது காரியம் கைமீறியிருக்கும். இந்த முறை கழற்றிய துண்டில் நடுக்குழாய் லைனிங்கில் ஒரு குறையும் இல்லை. ஃபிளாஞ்சின் கழுத்தில் மட்டும் இரும்பு காகிதமாக மெலிந்திருந்தது. அந்த நாலு விரல் இடத்துக்காக முழுத் துண்டையும் தூக்கிப்போட்டோம். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ரப்பரைக் குற்றம் சொல்ல முடியுமா? முடியாது. போல்ட்டை எவ்வளவு டார்க்கில் (திருகு விசையில்) இறுக்க வேண்டும் என்று லைனிங் போட்டுத் தந்த பட்டறை ஒரு வரி எழுதித் தரவில்லை. மாட்டிய ஒப்பந்ததாரரும் கேட்கவில்லை. ஆனால் ஷட்டவுன் முடியும் அவசரத்தில், இரவு ஷிப்டில், வெளிச்சம் போதாத இடத்தில்தான் இந்த வேலை நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தச் சூழலில் இவ்வளவு பக்குவம் கேட்கும் இணைப்பு எனக்கு வேண்டாம்.

நண்பரே, உங்கள் லைனில் வளைவுகள் நிறைய என்றீர்கள். போடாதீர்கள். சேமிப்புத் தொட்டிக்கு இதே ரப்பரைத் தயங்காமல் போடுங்கள், குழாய்க்கு வேண்டாம். நிர்வாகம் இதைத்தான் வாங்கும் என்றால், டார்க் அளவை எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டும்போது டார்க் ரெஞ்சோடு நீங்களே பக்கத்தில் நில்லுங்கள். சில நாள் கழித்து ரப்பர் அமுங்கிப் படிந்ததும், லைனின் அழுத்தத்தை இறக்கிவிட்டு, அதே அளவுக்கு இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.