ஜாதகப் பரிவர்த்தனை மீட்டிங்: மண்டபத்துக்குள்ள பரவால்ல, கேட்டுக்கு வெளிய ஜாக்கிரதை

தம்பிக்கு பொண்ணு தேடுற விஷயமா ஈரோடு, திருப்பூர் பக்கம் ஞாயித்துக்கிழமைல மண்டபத்துல நடக்குமே அந்த ஜாதகப் பரிவர்த்தனை மீட்டிங், அதுக்கு அம்மாவும் நானும் போயிட்டு வந்தோம், அதப் பத்திதான் எழுதறேன். யாரு நடத்துனாங்க, எந்த மண்டபம்னு போடல, ஏன்னா நான் சொல்லப்போற குறை வேற மீட்டிங்குக்கு போன சொந்தக்காரங்களும் சொன்னதுதான். அஞ்சுக்கு மூணு ஸ்டார் குடுப்பேன். ரெண்டை கழிச்சது வாசல்ல நடந்ததுக்கு.

போகாதவங்களுக்காக சொல்றேன். காலைல ஒம்போது மணிக்கெல்லாம் டேபிள் போட்டு உக்காந்திருப்பாங்க, ஜாதக ஜெராக்ஸ், ஒரு போட்டோ, 500 ரூபா பதிவுக் கட்டணம் குடுத்தா ஒரு நம்பர் தருவாங்க, அப்புறம் மேடைல வரிசையா பேரு, நட்சத்திரம், படிப்பு, வேலை, கூட்டம் (அதாவது குலப் பிரிவு), எதிர்பார்ப்புன்னு மைக்ல வாசிப்பாங்க, நமக்கு ஒத்துவர்ற மாதிரி இருந்தா நம்பரை குறிச்சுக்கிட்டு அந்த குடும்பத்தோட அங்கயே ஓரமா உக்காந்து பேசிக்கலாம். ஜோசியரும் இருப்பாரு, பொருத்தம் அங்கயே பாத்துக்கலாம். எனக்கு இதுல ரொம்ப புடிச்சது, பெத்தவங்க நேர்ல வர்றாங்க. எந்த ஊரு, குலதெய்வம் எந்த கோயிலு, அம்மா பொறந்த ஊரு எதுன்னு நாலு வார்த்தை பேசுனா போதும், எப்படியும் நமக்கு தெரிஞ்ச ஒருத்தர் அவங்களுக்கும் தெரிஞ்சவரா இருப்பாரு, அவருக்கு ஒரு போன் போட்டா குடும்பத்தோட நல்லது கெட்டது எல்லாம் வந்துடும். மேட்ரிமோனி ஆப்ல காசு கட்டி மாசக்கணக்கா ப்ரொஃபைல் பாத்தும் இந்த தெளிவு எங்களுக்கு கிடைக்கல. மதிய சாப்பாடும் நல்லா இருந்துச்சு.

ஆனா உள்ள போய் உக்காந்து சுத்திப் பாத்தா மனசு கனத்துப் போச்சுங்க, முக்கால்வாசி பையன் வீட்டுக்காரங்கதான். முப்பத்தி அஞ்சு தாண்டுன பசங்களோட அம்மாக்கள், கையில ஃபைலோட. இது ஏதோ இந்த வருசம் வந்த பிரச்சனை இல்ல. 2001 கணக்கெடுப்புல சேலம் மாவட்டத்துல ஆறு வயசு வரைக்கும் உள்ள பசங்க ஆயிரம் பேருக்கு பொண்ணுங்க 851 தான். பொண் குழந்தையை வேண்டாம்னு நினைக்கிறவங்க கொல்லாம அரசாங்கத் தொட்டில்ல விட்டுடட்டும்னு வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தையே 1992ல சேலத்துல தான் ஆரம்பிச்சாங்கன்னா அன்னிக்கு இந்த பக்கம் நெலமை எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அன்னிக்கு வேண்டாம்னு விட்ட பொண்ணுங்களைத்தான் இன்னிக்கு மண்டபம் மண்டபமா தேடுறோம். இருக்குற பொண்ணுங்களும் நல்லா படிச்சிருக்காங்க, தோட்டம் பாக்குற பையன், தறி ஓட்டுற பையன்னா வேண்டாங்கறாங்க, அது அவங்க இஷ்டம், தப்பே சொல்ல முடியாது. இந்த பரிதவிப்பு இருக்குற எடத்துக்குத்தான் புரோக்கருங்க தேடி வர்றாங்க.

இனி வாசலுக்கு வர்றேன். டீ குடிக்க வெளிய வந்தோம். கேட்ல இருந்து டீக்கடை வரைக்கும் அங்கங்க ஆளுங்க, கக்கத்துல ஃபைல், கையில ரெண்டு போனு, வெள்ளை சட்டை, நெத்தியில திருநீறு. ஒருத்தர் நேரா அம்மாகிட்ட வந்து "ஏனுங்கம்மிணி, பையனுக்குத்தானுங்களே பாக்கறீங்க, உள்ள பொண்ணே இல்லீங்க, சும்மா காசு புடுங்கறாங்க, எங்கிட்ட கையில பொண்ணு இருக்குதுங்க, நம்ம கூட்டத்துக்கு மொறையான கூட்டம்தானுங்க"ன்னு ஆரம்பிச்சாரு. நாங்க எந்த கூட்டம்னு அவருகிட்ட சொல்லவே இல்ல. அவருக்கு தம்பி பேரும் தெரிஞ்சிருக்கு, எத்தனை ஏக்கர்னும் தெரிஞ்சிருக்கு.

எப்படின்னு பாத்தா, உள்ள பதிவு பண்ற எல்லாருக்கும் ஒரு புக் தர்றாங்க, அதுல வரனோட பேரு, ஊரு, சம்பளம், சொத்து விவரம், அப்பா போன் நம்பர் எல்லாம் அச்சடிச்சிருக்கு. 500 ரூபா கட்டுன எவரு வேணா அத வாங்கிட்டு வெளிய வந்து நின்னுக்கலாம், ஜெராக்ஸ் போட்டு இன்னொருத்தருக்கும் குடுக்கலாம். நடத்துறவங்க மேல எனக்கு இருக்குற பெரிய கோவமே இதுதான். எங்க வீட்டு விவரம் அத்தனையும் யாருன்னே தெரியாதவன் கைக்கு போறதுக்கு நாங்களே காசு கட்டியிருக்கோம். மீட்டிங் முடிஞ்ச மறுநாள்ல இருந்து அப்பாவுக்கு புது நம்பர்ல இருந்து போன் மேல போன்.

அந்த ஆளு போன்ல ஒரு போட்டோ காட்டுனாரு. பொண்ணுக்கு அப்பா இல்லீங்க, கஷ்டப்பட்ட குடும்பம்ங்க, ஒண்ணும் செய்ய மாட்டாங்க, நகை துணி எல்லாம் நாமதான் எடுத்துக் குடுக்கோணும், ஆனா தங்கமான பொண்ணுங்க, இன்னிக்கே பாக்கறதுன்னா ஒரு வண்டி எடுங்க போயிட்டு வந்துரலாம், நாளைக்குன்னா கரூர்ல இருந்து இன்னொரு பார்ட்டி வருது, இப்ப அஞ்சாயிரம் குடுத்தா அவங்களை நிறுத்தி வெக்கறேன், முடிஞ்சா கமிஷன் ஒன்றரை. ஒன்றரைன்னா லட்சம். அம்மாவுக்கு கண்ணு கலங்கிருச்சு, இத்தனை வருசம் தேடி இப்பதான் ஒருத்தர் 'பொண்ணு இருக்கு'ன்னு சொல்லி கேக்கறாங்க, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "அண்ணா, பொண்ணு வீட்டு ரேஷன் கார்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, அப்புறம் அவங்க அம்மா பொறந்த ஊரு எதுன்னு சொல்லுங்க." ஊரு பேரு ஒண்ணு சொன்னாரு, சித்த நேரத்துல வேற ஒண்ணு சொன்னாரு, அப்புறம் "நம்பிக்கை இல்லாம கல்யாண காரியம் பேசக்கூடாதுங்கம்மிணி"ன்னு கோவிச்சுக்கிட்டு அடுத்த குடும்பத்துகிட்ட போயிட்டாரு.

ரேஷன் கார்டை ஏன் கேக்கணும்னா, ஆதார் ஜெராக்ஸ் எவரு வேணா கம்ப்யூட்டர்ல மாத்தி அடிச்சுக்கலாம், ரேஷன் கார்டுல குடும்பத்துல யாரு யாரு இருக்காங்கன்னு பேரு இருக்கும், எந்த கடைன்னு தெரிஞ்சா அந்த ஊருக்கே போய் கேட்டுக்கலாம். வாடகைக்கு ஒரு வீட்டை புடிச்சு, கூலிக்கு ஒரு அம்மா, ஒரு சித்தப்பான்னு உக்கார வெச்சு பொண்ணு பாக்க வைக்கிறவங்க இருக்காங்க, அவங்களால ஒரு நாளைக்கு வீட்டை காட்ட முடியும், பக்கத்து வீட்டுக்காரங்களையும் கடைக்காரரையும் காட்ட முடியாது. அதனால புரோக்கர் கூட்டிட்டுப் போற அன்னிக்கு பாத்தது கணக்குல சேராது, சொல்லாம கொள்ளாம இன்னொரு நாள் நாமளா போய் அந்த தெருவுல விசாரிக்கணும். கோயில்ல கல்யாணம்னா இன்னும் நல்லது, அறநிலையத்துறை கோயில்கள்ல முதல் திருமணம்ங்கறதுக்கு சான்று கேப்பாங்க. 'கோயில் ஆபீஸ்ல பதிய வேண்டாம், சும்மா சன்னிதி முன்னாடி தாலி கட்டிக்கலாம், பத்திரிகை எல்லாம் எதுக்கு'ன்னு புரோக்கர் சொன்னா அங்கயே எந்திரிச்சு வந்துருங்க.

2022ல நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூர் பக்கம் நடந்தது பேப்பர்லயே வந்துச்சு. கமிஷன் வாங்கிட்டு புரோக்கர் முடிச்சு வெச்ச கல்யாணம், ரெண்டே நாள்ல பொண்ணைக் காணோம், நகையும் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு வேற புரோக்கர் காட்டுன போட்டோல அதே முகம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஒண்ணும் தெரியாத மாதிரி புதுசா சம்பந்தம் பேசி வரவெச்சு போலீஸ்ல புடிச்சுக் குடுத்தாங்க, விசாரிச்சா அதுக்கு முன்னாடியே பல கல்யாணம் நடந்திருக்கு. இந்த செய்திக்கு கீழ எல்லாம் 'பேராசை', 'முட்டாள்'னு எழுதுறாங்க, எனக்கு அது தாங்கவே முடியல. பொண்ணு பாக்குற எடத்துல நகை நாங்களே போடறோம், செலவு நாங்களே பாத்துக்கறோம்னு சொல்ற குடும்பத்துக்கு என்னங்க பேராசை? ஊர்ல ஒவ்வொரு விசேஷத்துலயும் 'உங்க பையனுக்கு இன்னும் ஆகலையா'ன்னு கேட்டுக் கேட்டு அவங்களை இந்த நெலமைக்கு கொண்டு வந்தது நாமதான். ஏமாந்தவங்க ஸ்டேஷனுக்கு போகாததுக்கும் இந்த பேச்சுக்கு பயந்துதான், அவங்க போகாததால அதே ஆளு அடுத்த ஞாயித்துக்கிழமை அடுத்த மண்டபத்து வாசல்ல நிக்கிறான்.

பொண்ணு வீட்டுக்காரங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். வாசல்ல நிக்கிறவங்க கிட்ட தயவுசெஞ்சு பொண்ணு போட்டோவை குடுக்காதீங்க, வாட்ஸ்ஆப்லயும் அனுப்பாதீங்க. அந்த போட்டோதான் நாலு மாவட்டத்துல அட்வான்ஸ் வாங்குறதுக்கு காட்டப்படுது, உங்க பொண்ணுக்கு அது தெரியவே தெரியாது. கஷ்டத்துல இருக்குற பொண்ணுங்களை 'நல்ல வேலை, நல்ல வாழ்க்கை'ன்னு சொல்லி கூட்டிட்டு வந்து இதுல இறக்கி விடுறவங்களும் இருக்காங்க, அதனால மாட்டுனா அந்த பொண்ணை மட்டும் அடிச்சு வீடியோ எடுத்து போடாம, கூட்டிட்டு வந்த புரோக்கர் யாருன்னு போலீஸ்ல சொல்லுங்க. பொண்ணுங்க மாட்டிக்கிட்டா பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடலாம்.

காசு ஏற்கனவே போயிருச்சுன்னா, ஜிபே மாதிரி ஆன்லைன்ல அனுப்பியிருந்தா லேட் பண்ணாம உடனே சைபர் மோசடி புகார் எண் 1930க்கு போன் பண்ணுங்க, கையில குடுத்திருந்தா பக்கத்து ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. முதல் கல்யாணத்தை மறைச்சு ரெண்டாவது கட்டுறது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 82ம் பிரிவுல பத்து வருசம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றம், ஏமாத்துறதுக்கு 318ம் பிரிவு இருக்கு. தமிழ்நாட்டுல எந்த கல்யாணம்னாலும் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி பதிவு பண்ணியே ஆகணும், 90 நாளைக்குள்ள. பதிவுன்னதும் தட்டிக் கழிக்கிற சம்பந்தம் எதுவா இருந்தாலும் யோசிங்க. மேட்ரிமோனி வெப்சைட்டுங்களுக்காவது 2016லயே மத்திய அரசு வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஆளோட அடையாள ஆவணம் வாங்கணும்னு. டீக்கடை வாசல்ல ஃபைலோட நிக்கிறவங்களை அப்படி யாரு கேக்கறது?

அதனால நடத்துறவங்க கிட்டதான் நான் கேக்கறேன், மீட்டிங் முடிஞ்சதும் நேர்லயும் சொல்லிட்டு வந்தேன். புக்ல போன் நம்பரும் சொத்து விவரமும் போடாதீங்க, பதிவு எண் மட்டும் போடுங்க, யாருக்கு விவரம் வேணுமோ ஆபீஸ்ல கையெழுத்து போட்டு வாங்கட்டும். புரோக்கர்களுக்கு உள்ள அனுமதி இல்லன்னு மைக்ல ஒரு தடவை சொல்லுங்க, கேட்ல ரெண்டு பசங்களை நிறுத்துங்க. நிர்வாகி பொறுமையா கேட்டாரு, புக் விஷயத்தை கமிட்டில பேசறேன்னாரு. அது மாறுனா நாலு ஸ்டார் ஆக்கிடறேன்.

போறவங்க ஜாதக ஜெராக்ஸை வீட்டுல இருந்தே எடுத்துட்டுப் போயிருங்க, ஜாதகத்தோட ஒரிஜினலை யாருகிட்டயும் குடுக்க வேண்டாம், பாரத்துல போன் நம்பர் கேக்குற எடத்துல வீட்டு பெரியவங்க நம்பரை போடாம எடுத்துப் பேசத் தெரிஞ்ச சின்னவங்க நம்பரை போடுங்க. அம்மா அப்பாவை தனியா அனுப்பாதீங்க, கூட ஒருத்தர் போங்க.